கபச் சுரப்பியும் பேருருவமும்

விரைந்து வந்து விரைந்து கொல்லும் நோயை எவரும் எளிதிற் காண்பர். ஆண்டுக்கணக்காக ஓசையின்றி உடலில் உறைந்து, முகத்தையும் கையையும் காலையும் சிறிது சிறிதாக மாற்றிவரும் நோயைக் காண்பதற்கு வேறொரு பார்வை வேண்டும். அக்ரோமெகலி என மருத்துவர் வழங்கும் நோய் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. மூளையின் அடியில் அவரை விதையளவாய்த் தொங்கும் கபச் சுரப்பியில் ஒரு கட்டி தோன்றி, வளர்ச்சி ஓமோனை அளவின்றிச் சுரப்பதனால் இந்நோய் விளைகின்றது. இவ்வொரு வாக்கியத்திற் கூறி முடிக்கத்தக்க இவ்வுண்மையை நிறுவுவதற்கு மருத்துவ உலகுக்கு ஏறக்குறைய நூறாண்டுகள் சென்றன. அந்நூறாண்டின் வரலாறும், அதனால் வன்னிப் பெருநிலத்து மக்கள் பெறத்தக்க பயனும் ஈண்டு ஆராயப்படும்.

வன்னியின் நோய் வரலாறு நெடுங்காலமாகக் காய்ச்சலின் வரலாறாகவே இருந்தது. ஜே. பி. லூயிஸ் என்பார் 1895ஆம் ஆண்டில் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி எழுதிய நூல் அக்கால வன்னியின் நிலையை விரித்துரைப்பது. அந்நூற்றாண்டில் வன்னியைப் பற்றி எழுதியோர் அனைவரும் காட்டுக் காய்ச்சலையும் பறங்கி நோயையும் குறிப்பிடாமற் சென்றதில்லை. கின்சி என்னும் அரசாங்கத் தலைமை மருத்துவர் 1881இல் பறங்கி நோயைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். குளம் உடைந்த ஊர்களில் வறுமையும், காடு சூழ்ந்த ஊர்களில் நுளம்பும் குடிகளை அரித்தன. 1946ஆம் ஆண்டு முதல் இலங்கை முழுவதும் தெளிக்கப்பட்ட டி.டி.ரி. மருந்தினால் மலேரியா பெரிதும் தணிந்தது. இடையே அது மீண்டும் தலைதூக்கிய காலங்களும் உண்டு. எனினும் 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. பறங்கி நோய் பெனிசிலினுக்கு முன் நில்லாதொழிந்தது.

விரைவில் வெளிப்படும் நோய்கள் இவ்வாறு விலக, மெல்ல வரும் நோய்கள் முன்வந்து நின்றன. நீரிழிவும் குருதியமுக்கமும் இன்று வன்னியின் மருத்துவமனைகளில் நாளாந்தம் காணப்படுவன. அக்ரோமெகலி அவற்றினும் மிக அரியது. ஆயினும் பலவிடத்து அவ்விரண்டின் உருவிலேயே மறைந்து வருவது. ஆதலின் அதன் வரலாறு அரிய நோயொன்றின் வரலாறாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

பெயரிற் பொதிந்த பழங்கொள்கை

கபச் சுரப்பி என்னும் தமிழ்ப் பெயரே இவ்வரலாற்றின் முதற் படியைக் காட்டும். கிரேக்க மருத்துவராகிய கேலன், மூளையிலிருந்து கழியும் கபம் அதன் அடியிலுள்ள இவ்வுறுப்பின் வழியாக வடிந்து மூக்கை அடைகின்றது எனக் கருதினார். 1543இல் உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியசும் அக்கொள்கையையே தழுவினார். இலத்தீன் மொழியிற் கபத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இச்சுரப்பியின் மேனாட்டுப் பெயர் பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சினைடரும் இங்கிலாந்தில் லோவரும் மூளைக்கும் மூக்குக்கும் இடையே அத்தகைய வழி இல்லையென நிறுவினர். கொள்கை இறந்தது, பெயர் இருந்தது. அப்பெயரே பிற்காலத்திற் கபச் சுரப்பி எனத் தமிழாயிற்று. வாதம், பித்தம், கபம் என முக்குற்றம் வகுத்த சித்த மருத்துவத்தின் கபத்தோடு இச்சுரப்பிக்கு யாதொரு தொடர்பும் இல்லை என்பதை மாணாக்கர் மனங்கொள்ளல் வேண்டும்.

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடைபெற்றது. மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர் துணையுடன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் அவற்றுள் ஒன்று. உடலின் உறுப்புகளைத் தமிழிற் பெயரிட்டு விளக்கலாம் என்பதை அந்நூல்கள் காட்டின. எனினும் கபச் சுரப்பியின் தொழில் யாதென அக்காலத்தில் எம்மொழியினரும் அறியார். கிறீன் 1884இல் காலமானார். அதற்கு இரண்டாண்டுகளின் பின்னரே அச்சுரப்பியின் பக்கம் மருத்துவ உலகைத் திருப்பிய கட்டுரை பாரிசு நகரில் வெளிவந்தது.

பாரிசில் இடப்பட்ட பெயர்

1886ஆம் ஆண்டில் சல்பேத்ரியர் மருத்துவமனையைச் சேர்ந்த பியர் மாரி என்னும் இளம் மருத்துவர் பெண்கள் இருவரின் நிலையை விவரித்தார். அவர்களுடைய கைகளும் கால்களும் பருத்திருந்தன, கீழ்த்தாடை முன்தள்ளியிருந்தது, மூக்கும் உதடும் நாவும் தடித்திருந்தன. பிறப்பில் இல்லாத இம்மாற்றம் வளர்ந்து முடிந்த பின்னர் வந்தது. கிரேக்க மொழியில் நுனியையும் பெருமையையும் குறிக்கும் இரு சொற்களைச் சேர்த்து அக்ரோமெகலி என அவர் பெயரிட்டார். உடலின் நுனிகள் பெருத்தல் என்பது அதன் பொருள்.

அவருக்கு முன்னரும் இந்நோயைக் கண்டோர் இருந்தனர். இத்தாலியரான வெர்கா 1864இல் இத்தகைய பெண்ணொருத்தியின் உடலை அறுத்து ஆராய்ந்து, கபச் சுரப்பி இருக்குமிடத்திற் கட்டியொன்றைக் கண்டார். ஆயினும் நோய்க்குத் தனிப்பெயர் இல்லாமையாற் காட்சிகள் சிதறிக் கிடந்தன. மாரி பெயரிட்ட பின்னர் அவை ஒன்றுகூடின. 1887இல் மின்கோவ்ஸ்கி, இந்நோயுடையோரிற் கபச் சுரப்பி பருத்திருத்தலைச் சுட்டிக் காட்டினார். பெயரொன்று அமைந்ததும், முன்பு கண்டும் காணாதிருந்தவை எல்லாம் கண்ணிற் படலாயின.

மிகுதியோ குறைவோ

கபச் சுரப்பி பருத்திருப்பது தெளிவாயிற்று. பருத்த சுரப்பி மிகுதியாகத் தொழிற்படுகின்றதோ, அழிந்து தொழில் குன்றியுள்ளதோ என்னும் வினா அடுத்து எழுந்தது. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி குன்றினால் உடல் வீங்குதலை அக்கால மருத்துவர் அறிந்திருந்தனர். அதனை ஒப்பு நோக்கி, கபச் சுரப்பி கெட்டமையாலேயே உடல் பருக்கின்றது என மாரியும் வேறு பலரும் எண்ணினர். ஒப்புமை தவறான வழியிற் செலுத்துவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1892இல் மாசலோங்கோ, சுரப்பியின் மிகைத்தொழிலே காரணம் என மறுத்துரைத்தார். 1900ஆம் ஆண்டில் கார்ல் பெண்டா நுணுக்குக்காட்டியின் துணையால் அம்மறுப்புக்கு வலுவூட்டினார். கட்டியின் கலங்களை இயோசின் என்னும் சிவப்புச் சாயத்தில் தோய்த்தபோது, அவற்றினுள்ளே மணிமணியான துகள்கள் சாயத்தை ஏற்று ஒளிர்ந்தன. கட்டி செத்த தசையன்று, தொழில் புரியும் கலங்களின் கூட்டம் என்பதை அம்மணிகள் உணர்த்தின. அவற்றுள் அடங்கிய பொருள் யாதென அறிய இன்னும் நெடுங்காலம் செல்லவேண்டியிருந்தது. இரத்தத்தின் வழியே சென்று தூரத்து உறுப்புகளை ஏவும் பொருள்களுக்கு ஸ்ரார்லிங் என்பார் ஓமோன் எனப் பெயரிட்டதே 1905ஆம் ஆண்டிற்றான்.

வழக்கைத் தீர்த்தது சத்திரசிகிச்சையாகும். 1908இல் வியன்னாவில் ஹொகனெக் என்பார் அக்ரோமெகலி நோயாளி ஒருவரின் கட்டியை நீக்கினார். 1909இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ஹார்வி குஷிங், தென் டக்கோட்டாவைச் சேர்ந்த முப்பத்தெட்டு வயதான உழவர் ஒருவரின் சுரப்பியில் ஒரு பகுதியை அகற்றினார். சுரப்பி குன்றியமையே நோய்க்குக் காரணமாயின், அதனை வெட்டிய பின்னர் நோய் முற்றவேண்டும். அவ்வாறு நிகழவில்லை. தடித்திருந்த மென்றசை தணிந்தது. நோயாளியின் நிலை தேறியது. நாய்களின் கபச் சுரப்பியை நீக்கிச் செய்த சோதனைகளிலும் இளங்குட்டிகள் வளராது நின்றதைக் குஷிங் குழுவினர் கண்டனர். நீக்கினால் வளர்ச்சி நிற்கின்றது. மிகுந்தால் வளர்ச்சி மிகுகின்றது. இரண்டையும் இணைத்து நோக்கிய குஷிங், 1912இல் கபச் சுரப்பியைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார்.

இலண்டனில் ஓர் எலும்புக்கூடு

குஷிங்கின் வாழ்வோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சியும் 1909ஆம் ஆண்டிலேயே நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்திற் பிறந்த சார்ள்ஸ் பேர்ண் என்பவர் ஏறக்குறைய ஏழடி ஏழங்குல உயரமுடையவர். இலண்டன் மாநகரில் மக்கள் காசு கொடுத்து அவரைப் பார்த்தனர். 1783இல், தம் இருபத்திரண்டாம் வயதில் அவர் இறந்தார். தம் உடல் அறுக்கப்படுதலை அஞ்சி, அதனைக் கடலில் இடுமாறு அவர் வேண்டியிருந்தார். அவ்வேண்டுதல் நிறைவேறவில்லை. ஜோன் ஹன்ரர் என்னும் புகழ்பெற்ற சத்திரவைத்தியர் அவ்வுடலைப் பெற்று, எலும்புக்கூட்டைத் தம் காட்சிச்சாலையில் நிறுத்தினார்.

அம்மண்டையோட்டை 1909இல் ஆர்தர் கீத்தும் குஷிங்கும் திறந்து பார்த்தனர். கபச் சுரப்பி அமரும் எலும்புக் குழி பெரிதாய் விரிந்திருந்தது. எலும்பு வளர்ந்து முடிவதற்கு முன், இளமையிலேயே கட்டி தோன்றினால் உடல் நெடிதுயர்ந்து இராட்சத உருவம் பெறும். எலும்பின் வளரும் நுனிகள் மூடிய பின் தோன்றினால் உயரம் கூடாது, கைகால்களும் முகமும் பருக்கும். இரண்டும் ஒரே நோயின் இரு பருவங்கள் என்பதற்குப் பேர்ணின் மண்டையோடு சான்றாயிற்று.

2011இல் மார்த்தா கொர்போனிற்ஸ் தலைமையிலான ஆய்வாளர் பேர்ணின் பல்லிலிருந்து பரம்பரைப் பொருளைப் பிரித்தெடுத்து, அதில் ஒரு விகாரத்தைக் கண்டனர். வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் அதே விகாரம் காணப்பட்டது. அவர்களும் பேர்ணும் பல தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையின் வழியினர் எனத் தெரிந்தது. பெரும்பாலான நோயாளரில் இந்நோய் குடும்பவழி வருவதன்று. சிலரில் அவ்வாறும் வரலாம் என்பது உறுதியாயிற்று. 2023இல் அக்காட்சிச்சாலை மீண்டும் திறக்கப்பட்டபோது பேர்ணின் எலும்புக்கூடு காட்சிக்கு வைக்கப்படவில்லை. அறிவு பெற்ற பயன் பெரிது. ஆயினும் இறந்தவன் விருப்பத்தை மீறிப் பெற்ற அறிவு அஃது என்பதை அக்காட்சிச்சாலை காலந்தாழ்த்தியேனும் கருத்திற் கொண்டது.

ஓமோன் கைவந்தமை

கட்டி சுரக்கும் பொருளைக் கைக்கொள்ளும் முயற்சி கலிபோர்னியாவிற் சிறப்புற நடந்தது. 1921இல் ஹேர்பேட் இவான்சும் லோங்கும் மாட்டின் கபச் சுரப்பி முன்பகுதியின் சாற்றை எலிகளின் வயிற்றறையுள் நாடோறும் செலுத்தினர். அவ்வெலிகள் தம் இனத்தின் அளவைக் கடந்து பெருத்தன. பின்னர் பிலிப் சிமித் என்பார் எலிகளின் கபச் சுரப்பியை மூளைக்கு ஊறின்றி நீக்கும் முறையை வகுத்தார். வளர்ச்சி நின்ற அவ்வெலிகள் சுரப்பியின் பொருளைப் பெற்று மீண்டும் வளர்ந்தன. 1944இல் இவான்சும் சீனத்திற் பிறந்த சோ ஹாவோ லீயும் மாட்டின் வளர்ச்சி ஓமோனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். 1956இல் மனிதரின் வளர்ச்சி ஓமோனும் பிரிக்கப்பட்டது. அது 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதமாகும். விலங்கின் ஓமோன் மனிதனில் வளர்ச்சியைத் தூண்டாது. மனித ஓமோனே மனிதனுக்கு வேண்டும் என்பதும் அப்போது விளங்கிற்று.

அக்ரோமெகலி நோயாளரிற் பலருக்கு நீரிழிவு இருப்பதன் காரணமும் இக்காலத்திலேயே துலங்கியது. ஆர்ஜென்ரீன நாட்டு ஹூசே என்பார், கபச் சுரப்பிக்கும் குருதியிலுள்ள சீனிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1947இல் நோபெல் பரிசு பெற்றார். வளர்ச்சி ஓமோன் இன்சுலினின் தொழிலைத் தடுக்கின்றது. ஆதலின் நீரிழிவுச் சிகிச்சை பெறுவோருட் சிலரின் நோய்க்கு வேர் சதையியில் இல்லாது கபச் சுரப்பியில் இருத்தலும் கூடும்.

குருதியில் அளந்தமை

ஓமோன் கைக்கு வந்தும் அதனைக் குருதியில் அளத்தல் அரிதாகவே இருந்தது. ஒரு மில்லிலீற்றர் குருதியில் அது கிராமின் நூறுகோடியிற் சில பங்களவே உள்ளது. நியூயோர்க் நகரில் றொசலின் யலோவும் சொலமன் பேர்சனும் இத்தடையைக் கடந்தனர். கதிர்வீசும் அயடீன் சேர்ந்த ஓமோனையும், நோயாளியின் குருதியிலுள்ள ஓமோனையும், அதனைப் பற்றும் பிறபொருளெதிரியோடு ஒரே குழாயிற் கலந்தனர். இருவகை ஓமோனும் பிறபொருளெதிரியில் இடம் பெறப் போட்டியிடும். குருதியின் ஓமோன் மிகுந்திருப்பின் கதிர்வீசும் ஓமோனுக்கு இடம் குறையும். எஞ்சிய கதிரைக் கணித்து ஓமோனின் அளவை அறியலாம். முதலில் இன்சுலினுக்கு வகுக்கப்பட்ட இம்முறை 1963இல் வளர்ச்சி ஓமோனுக்கும் பயன்பட்டது. பேர்சன் 1972இல் மறைந்தார். யலோ 1977இல் நோபெல் பரிசு பெற்றார்.

அளவை கிடைத்ததும் புதுச் சிக்கல் ஒன்று தோன்றிற்று. நலமுடையோரில் வளர்ச்சி ஓமோன் நாள் முழுவதும் ஒரே சீராகச் சுரப்பதில்லை. உறக்கத்தில் எழும், உண்டபின் தாழும். ஒருமுறை எடுத்த குருதியைக் கொண்டு எதனையும் துணிதல் இயலாது. நலமுடையவர் குளுக்கோசைப் பருகினால் அவர் குருதியில் வளர்ச்சி ஓமோன் ஏறத்தாழ இல்லையெனத் தாழும். அக்ரோமெகலி நோயாளரில் அவ்வாறு தாழ்வதில்லை. சிலரிற் கூடுதலும் உண்டு. இவ்வியல்பே நோயைத் துணியும் சோதனையாயிற்று.

மற்றொரு வழியும் திறந்தது. 1957இல் சால்மனும் டோஹடேயும், வளர்ச்சி ஓமோன் குருத்தெலும்பை நேரே வளர்ப்பதில்லை, குருதியில் வேறொரு பொருளைத் தோற்றுவித்து அதன் வாயிலாகத் தொழிற்படுகின்றது எனக் கண்டனர். பெரும்பாலும் ஈரலிற் பிறக்கும் அப்பொருள் பிற்காலத்தில் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றது. அது நாளில் ஏறியிறங்காது நிலைத்திருப்பது. ஆதலின் ஒரேயொரு குருதிச் சோதனையால் ஐயத்தை எழுப்பவோ தணிக்கவோ அது உதவுகின்றது. வயதுக்கேற்ப அதன் இயல்பளவு வேறுபடுதலை மட்டும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மூடாத துருசு

கட்டி ஏன் இடையறாது சுரக்கின்றது என்னும் வினா இறுதியாக நின்றது. நலமுடைய சுரப்பியை மூளையின் பரிவகக்கீழ் என்னும் பகுதி இருவகை ஓமோன்களால் ஆளுகின்றது. சுரப்பைத் தடுக்கும் சோமற்றோஸ்ரற்றின் 1973இல் கியுமானின் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டது. சுரப்பைத் தூண்டும் ஓமோன் 1982இற் கிடைத்தது. அது கிடைத்த இடம் வியப்புக்குரியது. பரிவகக்கீழிற் பல்லாண்டு தேடியும் அகப்படாத அத்தூண்டி, அக்ரோமெகலி நோயாளரின் சதையியில் வளர்ந்த கட்டியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. அக்கட்டி தூண்டியைச் சுரக்க, அது சென்று கபச் சுரப்பியைப் பெருக்கியிருந்தது. இவ்வகை மிக அரியது. பெரும்பாலோரிற் குற்றம் கபச் சுரப்பியின் கலத்திலேயே உள்ளது.

அக்குற்றத்தை வன்னிக் குளத்தின் அமைப்பைக் கொண்டு விளக்கலாம். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வயலுக்கு நீர் வேண்டுங்காற் துருசு திறக்கப்படும். போதிய நீர் பாய்ந்ததும் மூடப்படும். கபச் சுரப்பிக் கலத்தின் மேற்பரப்பிலும் அத்தகைய துருசு ஒன்று உண்டு. தூண்டி வந்து தொட்டதும் கலத்தினுள்ளிருக்கும் ஒரு புரதம் திறந்த நிலையை அடைந்து, ஓமோனைச் சுரக்குமாறும் பெருகுமாறும் கலத்துக்குக் கட்டளையிடும். சிறிது நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். 1987இல் இத்தாலிய ஆய்வாளரான வல்லாரும் ஸ்பாடாவும் ஜியன்னத்தாசியோவும், சில கட்டிகளில் அப்புரதம் மூடாது நிற்பதைக் கண்டனர். 1989இல் அதன் காரணம் துலங்கிற்று. பரம்பரையலகில் ஒரேயோர் எழுத்து மாறியமையால், மூடும் ஆற்றல் அப்புரதத்தில் அற்றுப்போயிருந்தது. ஆராயப்பட்ட கட்டிகளிற் பத்துக்கு மூன்று நான்கில் இம்மாற்றம் காணப்படுகின்றது. துருசு திறந்தபடி இறுகிவிட்டால், மேலிருந்து ஆணை வராவிடினும் நீர் பாயும். பயிர் அழுகும்வரை பாயும். அக்கலமும் அவ்வாறே ஏவுவாரின்றிச் சுரக்கின்றது; சுரந்துகொண்டே பெருகுகின்றது.

இந்த அறிவிலிருந்தே மருந்தும் பிறந்தது. சோமற்றோஸ்ரற்றின் குருதியிற் சில நிமிடங்களில் அழிந்துவிடும். அதனைப் போன்று தொழிற்பட்டு நெடுநேரம் நிலைக்கும் ஒக்ரியோரைட்டு 1980களில் ஆக்கப்பட்டது. இன்று அதன் நீடித்த வகை மாதம் ஒருமுறை ஊசியாக ஏற்றப்படுகின்றது. ஆயினும் முதற் சிகிச்சை சத்திரசிகிச்சையே. மூக்கின் வழியாகச் சென்று கட்டியை அகற்றும் முறை 1960களில் நுணுக்குக்காட்டியின் துணையாற் செம்மையுற்றது. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டியாயின் பத்துப்பேரில் ஏறத்தாழ எண்மர் குணமடைவர். கட்டி பெருத்தபின் அவ்விகிதம் பாதியளவாய்த் தாழும். ஓமோன் இயல்பளவுக்கு மீண்டாற் பிறரைப் போன்ற ஆயுளை நோயாளர் பெறுவர். மீளாவிடின் இதயம் பருத்தும், குருதியமுக்கமும் நீரிழிவும் முற்றியும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டும் வாழ்நாள் குறுகும். கட்டி மேல்நோக்கி வளர்ந்து கண்ணின் நரம்புகளை அழுத்தினாற் பக்கப் பார்வை இருளும். இத்துணை வேறுபாடும் நோயை எப்போது கண்டனர் என்பதைப் பொறுத்தது.

வன்னியிற் காணவேண்டிய பார்வை

இந்நோயைக் கண்டறிவதற்கு நோய் தொடங்கியதிலிருந்து பொதுவாக ஐந்து முதற் பத்தாண்டுகள் வரை சென்றுவிடுகின்றன என்பது மேனாட்டு மருத்துவரும் ஒப்புவதே. நாடோறும் கண்ணாடியிற் காணும் முகத்தின் மாற்றத்தைக் காண்பவர் அறியார். உடன் வாழ்வோரும் அறியார். பத்தாண்டு பிரிந்திருந்து வந்த உறவினர் முதற் பார்வையிலேயே அறிவர். ஆதலின் ஐயங்கொண்ட மருத்துவர் முதலிற் கேட்பது நோயாளியின் பழைய படங்களை. திருமணப் படத்தையும் இன்றைய முகத்தையும் அருகருகே வைத்தால், குருதிச் சோதனைக்கு முன்னரே நோய் பேசிவிடும்.

வன்னியில் இவ்வெளிய சான்றே அரிதாய்ப் போயிற்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2009 மே மாதம் வரை கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவின் ஊர்களிலிருந்தும் மக்கள் இடத்துக்கிடம் பெயர்ந்து, கடற்கரை வரை சென்று, பின்னர் வவுனியாவின் முகாம்களை அடைந்தனர். வீட்டையும் மாட்டையும் விட்டுச் சென்றோர் படத்தொகுப்புகளைச் சுமந்து சென்றிலர். சுமந்தோரும் வழியில் இழந்தனர். திருமணப் படம் இல்லாத வீடுகளும், இறந்த மகனின் ஒரு படமேனும் இல்லாத வீடுகளும் பல. இழந்தவை நினைவுப் பொருள்கள் மட்டுமல்ல, மருத்துவச் சான்றுகளுமாம் என்பதை இந்நோய் உணர்த்துகின்றது. எஞ்சியிருப்பவற்றுட் சிறந்தது பழைய தேசிய அடையாள அட்டை. வெளிநாட்டிலுள்ள உறவினர் வீடுகளில் தங்கிவிட்ட திருமணப் படங்களும், பாடசாலை மலர்களில் அச்சான வகுப்புப் படங்களும் உதவக்கூடும்.

உலகில் 10 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 60 பேர் இந்நோயுடையோர் என்பது பழைய கணிப்பு. அண்மைக் கணிப்புகள் அதனினும் கூடியவை. வன்னியின் மூன்று மாவட்டங்களிலும் ஏறக்குறைய 4 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். பழைய கணிப்பின்படியே நோக்கினும் இருபது பேருக்கு மேல் அங்கு இருத்தல் வேண்டும். அவர்களிற் சிலர் நீரிழிவுக்கும், சிலர் குருதியமுக்கத்துக்கும், சிலர் கைவிறைப்புக்கும், சிலர் மூட்டு நோவுக்கும் தனித்தனியே மருந்துண்டு வாழ்தல் கூடும். கட்டியை அகற்றவல்ல சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம், அநுராதபுரம், கொழும்பு முதலிய இடங்களின் பெரிய மருத்துவமனைகளை நாடவேண்டும். ஆயினும் அப்பயணம் தொடங்குவது ஊரிலேயே ஆகும்.

அதனைத் தொடக்கிவைக்கப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. விரலிற் கிடந்த மோதிரம் கழலாது பொற்கொல்லரிடம் சென்று வெட்டுவித்தமை, நடுவயதிற் செருப்பின் அளவு கூடியமை, பற்களிடையே இடைவெளி விழுந்தமை, குரல் தடித்தமை, குளிர்ந்த வேளையிலும் வியர்வை பெருகுதல், உரத்த குறட்டை, நாற்று நடும் பெண்ணின் விரல்கள் இரவில் விறைத்தல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்து நோக்கின் சிறிது. முதுமை என்றும், உழைப்பு என்றும், உடல்வாகு என்றும் அவற்றைத் தள்ளிவிடலாம். அவற்றை ஒருங்கு சேர்த்துக் காண்பவர் ஒருவர் இருந்தால் நோய் வெளிப்படும். 1886இல் மாரி செய்ததும் அதுவே. சிதறிக் கிடந்த அடையாளங்களை ஒருவர் உடலில் ஒருங்கு கண்டு அவர் பெயரிட்டார். எஞ்சிய நூறாண்டின் அறிவெல்லாம் அக்காட்சியின் மேலெழுந்தது.

கபம் வடியும் வாய்க்கால் எனத் தொடங்கி, மூடாத துருசு என முடிந்த இவ்வரலாற்றில் ஆய்வுகூடங்களும் கருவிகளும் பெரும்பங்கு கொண்டன. ஆயினும் வன்னியிலுள்ள ஒரு தாயின் கைகள் பருத்துவருதலை அக்கருவிகள் தாமாகச் சென்று காணமாட்டா. அதனைக் காண்போர் அவ்வூர்ப் பாடசாலையின் ஆசிரியரும், நீரிழிவுச் சிகிச்சை நிலையத்தின் தாதியரும், விடுமுறையில் வீடு திரும்பும் மாணவருமே. மருத்துவம் பயிலச் செல்லும் மாணவர் பழைய படமொன்றை எடுத்து வைத்து ஒப்புநோக்கும் பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்வாராயின், பத்தாண்டு காத்திருப்பில் ஓராண்டேனும் குறையும். அவ்வோராண்டு சிலருக்குக் கண்பார்வையாகவும் சிலருக்கு உயிராகவும் அமையும்.